வருகிறவர் வந்து சேரும்வரை

எங்கள் குடும்பத்தில், வெளியூரிலிருந்து வருகிறவரை எதிர்கொண்டு அழைத்துவர யாரும் போவதில்லை. வாசலில் நின்று வரவேற்போம். வாசலைத் தாண்ட மாட்டோம். வளைகுடா நாடுகளில் இது ஏறக்குறைய ஒரு குற்றம். இங்கே ஊரிலிருந்து ஒருவர் வந்து இறங்கினால், அவருடைய அறைத் தோழரும், ஒன்றுவிட்ட மைத்துனரும், அந்த மைத்துனரின் காரை ஓட்டிவந்த நண்பரும் டூட்டி முடிந்த களைப்போடு விமான நிலையத்தில் காத்து நிற்பார்கள். நான் முதன்முறையாகத் துபாய்க்கு வந்தபோது என் ஒரே மகன் எனக்காகக் காத்து நின்ற இடம் கராமாவில் அவன் குடியிருக்கும் வீட்டின் வாசல். நான் ஒரு டாக்ஸி பிடித்து, பெட்டியை நானே இறக்கி, நானே படியேறி வந்தேன்.

அன்று மாலை என்னைப் பார்க்க வந்த அவனுடைய நண்பர்களில் ஒருவர் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

"ஏன்டா, அப்பாவக் கூப்பிடக்கூடவா போகல? வண்டி இல்லைன்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

மகன் என்னைப் பார்த்தான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, தற்சார்பே ஒழுக்கங்களில் தலையாயது என்றும், முதியவர்களைக் கைப்பிடித்து நடத்துவது அவர்களுடைய மதிப்பைக் குறைக்கும் செயல் என்றும், எங்கள் குடும்பம் தலைமுறைகளாகக் கடைப்பிடித்துவரும் கோட்பாடு இது என்றும் விரித்துரைத்தேன். இளைஞர்கள் மரியாதையோடு தலையாட்டினார்கள். நான் சொன்னது அத்தனையும் பொய்.

கல்லூரியில் தருக்கவியல் கற்பித்து, துறைத் தலைவராக ஓய்வு பெற்றவன் நான். காரணம் இல்லாத காரியத்தை ஏற்காதவன் என்பது என்னைப் பற்றி ஊரில் நிலவும் கருத்து. அக்கருத்தை நிலவச் செய்தவனும் நானே. அப்படிப்பட்டவன், வருகிறவரை அழைக்கப் போகாததற்கு உண்மைக் காரணம் விக்டோரியா மகாராணி காலத்து ரயில் விபத்து ஒன்று என்று எப்படிச் சொல்வது?

விபத்து நடந்தது எங்கள் ஊருக்குச் சற்றுத் தொலைவில். அங்கே ரயில் வந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. ஒற்றைத் தண்டவாளம். போகிற வண்டிக்கும் வருகிற வண்டிக்கும் அதே இருப்புப்பாதைதான். ஆகவே ஒரு வண்டி நிலையத்தில் ஒதுங்கி நிற்கும். எதிர்வண்டி வந்து சேர்ந்த பிறகே அது புறப்படும்.

என் பாட்டனாருக்கு அப்போது காது குத்தும் பருவம். அவருடைய தந்தை, அதாவது என் கொள்ளுப்பாட்டனார், நாள் குறித்துவிட்டார். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வர வேண்டும்; கடுக்கனும் அவர்தான் கொண்டுவர வேண்டும். விடிந்தால் விழா என்னும் நாளின் காலை வரைக்கும் அவர் வந்தபாடில்லை. என் கொள்ளுப்பாட்டனார் பொறுமை அற்றவர். அந்தக் குணம் வழிவழியாக வந்து என்னிடம் சேமமாக இருக்கிறது. "நானே போய் அழைத்து வருகிறேன்" என்று கிளம்பி ரயிலேறினார். அதே நேரத்தில் மைத்துனர், தாமதமானாலும் முறை தவறக்கூடாது என்று, அங்கிருந்து எதிர்வண்டியில் ஏறியிருந்தார்.

எதிர்வண்டி வந்து சேரும் முன்பே யாரோ இந்த வண்டியை விட்டுவிட்டார்கள். யார் என்பது பற்றி விசாரணை நடந்ததாம். இரு நிலையத்தாரும் ஒருவரையொருவர் கைகாட்டினார்களாம். முடிவில், மறுத்துப் பேச வாயில்லாத ஒருவர் மீது பழி விழுந்தது. எஞ்சின் ஓட்டியவர் விபத்திலேயே இறந்திருந்தார்.

என் கொள்ளுப்பாட்டனார் ஒரு கை ஒடிந்து உயிர் பிழைத்தார். மற்றொரு கையால், எதிர்வண்டியில் சிக்கிக் கிடந்தவர்களை இழுத்து வெளியே கிடத்த உதவினார். அப்படி இழுத்தவர்களில் ஒருவர் மைத்துனர். அவருடைய வேட்டி மடிப்பில் ஒரு சிறு துணி முடிச்சு, அதற்குள் கடுக்கன்.

வீட்டில் நடந்த விசாரணை விரைவில் முடிந்தது. என் கொள்ளுப்பாட்டி தம் கணவரிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாராம். "நீங்க வீட்டுல இருந்திருந்தா எங்க அண்ணன் வந்து சேர்ந்திருப்பாரு." அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஆனால் அன்றிலிருந்து வீட்டுக்கு ஒரு சட்டம் வந்தது. வருகிறவர் வந்து சேரும்வரை, வீட்டிலிருந்து யாரும் புறப்படக்கூடாது. என் பாட்டனாருக்குக் கடைசிவரை காது குத்தப்படவில்லை.

அந்த வாக்கியத்தை நான் பலமுறை ஆராய்ந்திருக்கிறேன். அது செல்லாது. என் கொள்ளுப்பாட்டனார் வீட்டிலேயே படுத்திருந்தாலும் அந்த வண்டி புறப்பட்டிருக்கும், மோதியிருக்கும், மைத்துனர் இறந்திருப்பார். பயணி ஒருவர் ஏறாததால் ரயில் நின்றுவிடாது. முன்னதைத் தொடர்ந்து வந்தது என்பதாலேயே முன்னதால் வந்தது என்று கொள்வது பிழை. அதை முதலாண்டு மாணவர்களுக்கே கற்பித்துவிடுவேன். கற்பித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், தபால்காரருக்குக் கையெழுத்துப் போடக்கூட வெளியே வராமல் என் மனைவி வாசற்படியின் உட்புறம் நின்றிருப்பாள். நான் "வருகிறவர்" அல்லவா? வேறு குடும்பத்திலிருந்து வந்த அவள் தொடக்கத்தில் இந்தச் சட்டத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு எங்கள் எல்லோரையும்விடக் கண்டிப்பானவள் ஆனாள். அவள் இறுதியாகப் புறப்பட்ட நாளில் வருகிறவர் எவரும் இல்லை. ஆகவே தடுத்து நிறுத்த எனக்கு ஒரு சட்டமும் கிடைக்கவில்லை.

கராமாவில் எங்கள் எதிர்வீட்டில், மகளோடு தங்கியிருக்கும் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் உண்டு. திருநெல்வேலிக்காரர். மாலை வேளைகளில் எங்களைப் போன்ற "வந்து தங்கிய அப்பாக்கள்" சிலர் தெருமுனைச் சாப்பாட்டுக்கடையில் தேநீருக்குக் கூடுவோம். ஒரு நாள் அவர், ஷார்ஜாவுக்குப் போக வேண்டும், ராகுகாலம் முடிந்ததும் கிளம்பப் போகிறேன் என்றார். எனக்கு மேடை கிடைத்துவிட்டது.

"ராகு எந்த நேரத்தைப் பின்பற்றுகிறார்? இந்திய நேரமா, அமீரக நேரமா? இரண்டுக்கும் ஒன்றரை மணி நேரம் வேறுபாடு உண்டே!" என்று கேட்டேன். கடையே சிரித்தது. மூடநம்பிக்கையின் உளவியல் பற்றியும் ஒரு சிற்றுரை ஆற்றினேன்.

அவர் தேநீரை ஆற்றியபடி சொன்னார். "நீங்க படிச்சவிய சார்வாள். ராகு பாவம், படிக்கல."

அதற்கு எழுந்த சிரிப்பு, எனக்குக் கிடைத்ததைவிடச் சற்றே கூடுதலாக இருந்ததாக நினைவு.

இனி, நடந்ததைச் சொல்கிறேன். என் மகள் ஜெத்தாவில், ஷரஃபியாவில் குடியிருக்கிறாள். மாப்பிள்ளைக்கு யான்புவில் சுத்திகரிப்பு ஆலையில் வேலை. வார இறுதியில்தான் வீட்டுக்கு வருவார். மணமாகி நெடுநாள் கழித்து மகள் கருவுற்றிருந்தாள். தாய் இல்லாத பெண். இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, நாள் தள்ளாமல் வந்து சேர்ந்துவிடுங்கள், அறுவை செய்து எடுத்துவிடலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். "அப்பா, நீங்க வந்தப்புறம்தான் நான் ஆஸ்பத்திரிக்குப் போவேன்" என்றாள் மகள். தந்தை மீது எவ்வளவு பாசம் என்று நெகிழ்ந்தேன்.

என் மகனும் அந்தச் சமயம் சவூதியில்தான் இருந்தான். அவனுடைய துபாய் நிறுவனம் அவனை யான்புவுக்கு ஷட்டவுன் வேலைக்கு அனுப்பியிருந்தது. ஆலையை நிறுத்திவைத்துப் பழுது பார்க்கும் வேலை. மருமகளும் பேரப்பிள்ளைகளும் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். கராமா வீட்டில் நான் தனியன். மகன் வேலை முடிந்து ஜெத்தா வழியாகத் துபாய் திரும்புவான். அவன் வந்து சேர்ந்த மறுநாள் நான் ஜெத்தாவுக்குப் பறப்பேன். நான் போய்ச் சேர்ந்ததும் மகள் மருத்துவமனையில் சேர்வாள். இந்த ஏற்பாட்டை வகுத்தவன் நான். இதில் ஓட்டை இல்லை என்று எல்லோரிடமும் சொல்லியும் இருந்தேன்.

வேலை முடிந்த மகன் தங்கையைப் பார்க்க ஷரஃபியாவுக்கு வந்தான். வந்தவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துத் தொலைபேசியில் கேட்டேன்.

"எப்பதான்டா கிளம்புற?"

"இவகூட யாராச்சும் இருக்கணும்லப்பா. மாப்பிள்ளைக்கு இன்னும் லீவு கெடைக்கல. நீங்க வந்து சேந்துட்டா நான் கெளம்பிருவேன்."

"நீ வராம நான் எப்படிடா கிளம்புறது? வீட்டப் பூட்டிட்டு வர முடியாது. ஏசி பார்க்க ஆள் வரேன்னிருக்கான்."

"ஏசி நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு?"

"இப்ப ஓடலை."

என் தலைக்கு மேல் அது நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. பொய் சொல்லக்கூடாது என்னும் கொள்கை உடையவன் ஆதலால், பேசியபடியே எழுந்து சென்று அதை அணைத்தேன். துபாயின் கோடை என்னவென்று அறிந்தவர்களுக்கு, வாய்மையின் பொருட்டு நான் கொடுத்த விலை விளங்கும்.

என் பயணச்சீட்டின் நாள் வந்தது. அதைத் தள்ளிப்போட்டேன். வீட்டின் பாதுகாப்பே என் கவலை என்று சொல்லிக்கொண்டிருந்தவன், அதற்கேற்ப ஏதேனும் செய்தாக வேண்டும் அல்லவா? பழைய பூட்டு இறுகித் திரும்புகிறது என்று ஒரு காரணம் கண்டுபிடித்து, கீழே ஹார்ட்வேர் கடையிலிருந்து ஆளை அழைத்து வாசற்கதவின் பூட்டை மாற்றினேன். புதிய சாவிகள் இரண்டையும் ஒரே வளையத்தில் கோத்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். தனித்தனியாக வைத்தால் ஒன்று தொலைந்துவிடும் என்பது என் கணிப்பு.

எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார்வாள், பனியன் நனைஞ்சு கெடக்கு? ஏசி ஓடலியா? இன்னும் ஜெத்தாவுக்குக் கெளம்பலியா?"

"மகன் வந்து சேரட்டும்னு பார்க்கிறேன்."

"மவன் இங்க வந்து என்னத்தச் செய்யப் போறாரு? பிள்ள பெறக்கப் போறது அங்கல்லா?"

"அதுக்கெல்லாம் ஒரு ஒழுங்குமுறை இருக்கு."

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, தோழமையோடு கேட்டார். "நல்ல நேரம் பாக்கியளோ?"

"இல்லவே இல்லை!" என்று நான் கத்தியது கீழ்த்தளம்வரை கேட்டிருக்கும்.

மறுநாள் காலை மாப்பிள்ளையிடமிருந்து அழைப்பு வந்தது. எப்படியோ விடுப்பு வாங்கிக்கொண்டு, யான்புவிலிருந்து தாமே காரோட்டிக்கொண்டு அப்போதுதான் வீடு வந்து சேர்ந்திருக்கிறார். மதுரைக்காரர், சுற்றிவளைத்துப் பேசத் தெரியாதவர்.

"மாமா, இங்க என்ன நடக்குதுன்னு எனக்குப் புரியல. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். நான் ஒவ்வொருத்தரா கேக்குறேன், பதில் மட்டும் சொல்லுங்க. நீங்க எப்ப கெளம்புறீங்க?"

"உங்க மச்சான் இங்க வந்ததும்."

"மச்சான், நீங்க?"

மகனின் குரல் சற்றுத் தள்ளி ஒலித்தது. "அப்பா இங்க வந்ததும்."

"நீ எப்பம்மா ஆஸ்பத்திரிக்கு வர?"

"அப்பா வந்ததும்" என்றாள் என் மகள்.

அப்போதுதான் எனக்குக் கணக்கு விளங்கியது. அங்கே நான் வருகிறவன்; ஆகவே அந்த வீட்டிலிருந்து மகனும் புறப்பட முடியாது, மகளும் புறப்பட முடியாது. இங்கே மகன் வருகிறவன். ஆகவே நான் புறப்பட முடியாது. தங்கைக்குத் துணை, வீட்டுப் பாதுகாப்பு, ஏசி என்பதெல்லாம் வெறும் மேற்பூச்சு. மூவரும் அதே பழைய சட்டத்தின் மேல் உட்கார்ந்திருந்தோம். மூவரும் படித்தவர்கள் ஆனதால் ஒருவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மகளின் சொல்லைப் பாசம் என்று நினைத்து நெகிழ்ந்ததும் நினைவுக்கு வந்தது.

"அப்ப இந்தக் குடும்பத்துலயே ஓடுற வண்டி நான் ஒருத்தன்தான் போல" என்றார் மாப்பிள்ளை. "மாமா, அந்த ரயில் கதைய உங்க பொண்ணு எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிருச்சு. நான் சிரிக்கல. ஆனா இவ காலப் பாத்தீங்கன்னா தெரியும், வீங்கிப் போய்க் கெடக்கு. டாக்டரு நேத்தே வரச் சொல்லிட்டாங்க. பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"பரிசீலிக்கிறேன்" என்றேன் நான்.

இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது. துறைக் கூட்டங்களில் பதில் சொல்ல விரும்பாதபோது நான் பயன்படுத்திய சொல் அது.

"பரிசீலிங்க மாமா. நான் வண்டிச் சாவிய எடுக்குறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அணைத்து வைத்திருந்த ஏசிக்குக் கீழே உட்கார்ந்து உண்மையிலேயே பரிசீலித்தேன். சாவியை எடுக்கிறேன் என்றாலும் அவர் அவளைத் தூக்கிக்கொண்டா போக முடியும்? அவள் பிடிவாதக்காரி, அதுவும் வழிவழியாக வந்ததுதான். நான் போய்ச் சேராமல் அவள் அந்தப் படியைத் தாண்ட மாட்டாள் என்று தோன்றியது. வருகிறவர் யார், புறப்படுகிறவர் யார் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த எங்கள் மூவருக்கும், உண்மையிலேயே வந்துகொண்டிருந்தது அந்தக் குழந்தை ஒன்றுதான் என்பது மறந்துபோயிருந்தது. ஒரு தாய்மாமன் வந்து சேராமல் போன துக்கத்தில் உண்டான சட்டம், இன்னொரு தாய்மாமனையும் அவனுடைய தந்தையையும் நாற்காலியோடு கட்டிப்போட்டுவிட்டு, தாயையும் பிள்ளையையும் பலி கேட்டுக்கொண்டிருந்தது.

எழுந்தேன். கீழே உள்ள டிராவல்ஸ் கடையில் அடுத்த விமானத்துக்குச் சீட்டை மாற்றச் சொன்னேன். யாருக்கும் தெரிவிக்கவில்லை. தெரிவித்தால், இத்தனை நாள் கிளம்பாததற்குக் காரணம் ஏசி அல்ல என்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும். "தற்செயலாக இடம் கிடைத்தது, வந்தேன்" என்று சொல்லியபடி ஷரஃபியா வீட்டு வாசலில் போய் நிற்பதே கௌரவம். கதவைப் பூட்டினேன், இழுத்துப் பார்த்தேன், சாவி வளையத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டாக்ஸி ஏறினேன்.

விமானத்தில் சன்னலோர இருக்கை. பாலைவனத்துக்கு மேலே வந்ததும் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டேன். பக்கத்து இருக்கையில், யான்பு தொழிலாளர் கேம்ப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்த புதுக்கோட்டைக்காரர் ஒருவர் வெகுநேரம் என்னைக் கவனித்துவிட்டுக் கேட்டார்.

"என்ன அய்யா, வெளியில யாரத் தேடுறீய?"

வேறு எவரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். முன்பின் அறியாதவர் என்பதால் சொன்னேன். "எதிர்ல ஏதாவது பிளேன் வருதான்னு பார்க்கிறேன்."

"வந்தா மட்டும் எறங்கி ஒதுங்கி நிக்கவா போறிய?" என்றார் அவர். பிறகு கண்ணை மூடித் தூங்கிவிட்டார்.

நான் தூங்கவில்லை. வெகு தொலைவில், வெள்ளையாக ஏதோ ஒன்று எங்களுக்கு எதிர்த்திசையில் மின்னிப் போனது. மேகமாகவும் இருக்கலாம். அது கடந்து மறையும்வரை என் கை சட்டைப் பையைப் பற்றிக்கொண்டிருந்தது.

ஜெத்தாவில் இறங்கிக் கைபேசியை உயிர்ப்பித்ததும் மகன் அழைத்தான்.

"அப்பா! எங்க இருக்கீங்க? கதவத் தட்டித் தட்டிக் கை வலிக்குது. பூட்டு வேற மாறியிருக்கு, என் சாவி உள்ளயே போகல. எதிர்வீட்டு சார் போலீசக் கூப்பிடலாமான்னு கேக்குறாரு."

"எந்தக் கதவுடா?"

"நம்ம கதவுதான். கராமாவுல."

"நான் ஜெத்தாவுல இருக்கேன்."

மறுமுனையில் கதவு தட்டும் ஓசை நின்றது.

"நான் உங்களக் கெளப்பி விடலாம்னுதான்பா வந்தேன். நான் வந்து சேந்துட்டா நீங்க கெளம்புவீங்கல்ல?"

"சொல்லிட்டு வந்திருக்கலாமே."

"சொன்னா, இதுக்காகவாடா இத்தனை நாள் உக்காந்திருந்தன்னு கேப்பீங்க. நீங்க ஏம்பா சொல்லல?"

என் கொள்ளுப்பாட்டனாரும் மைத்துனரும் செய்த அதே பிழையை, தொலைபேசி என்னும் வசதியைக் கையில் வைத்துக்கொண்டே நாங்கள் செய்து முடித்திருந்தோம். வானத்தில் ஒற்றைத் தண்டவாளம் இல்லாததால் பிழைத்தோம்.

குடும்ப மரபுப்படி என்னை அழைத்துப் போக யாரும் வந்திருக்கவில்லை. டாக்ஸியிலிருந்தே மாப்பிள்ளையை அழைத்தேன். வீட்டுக்கு வர வேண்டாம், மருத்துவமனைக்கு வாருங்கள் என்றார். போய்ச் சேர்ந்தபோது அவர் தாழ்வாரத்தில் நின்றிருந்தார். முகம் கழுவாதது போலவும் இருந்தது, அழுதது போலவும் இருந்தது.

"பொண்ணு மாமா. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா சிக்கலாயிருக்கும்னு டாக்டரு திட்டுனாங்க. நான்தான் புருசன்னு என்னையத் திட்டிட்டாங்க. நானும் வாங்கிக்கிட்டேன்."

"எப்படி வந்தா? சம்மதிச்சாளா?"

"மச்சான் பேக்கத் தூக்கிட்டுக் கடைக்குப் போற மாதிரி வெளிய போனாரு. அவரு போனதும் இவ கொஞ்ச நேரம் கதவையே பாத்துக்கிட்டிருந்துச்சு. அப்புறம் தானா எந்திரிச்சு, வாங்க போகலாம்னு சொல்லிருச்சு."

அண்ணனே சட்டத்தை மீறிவிட்டான், இனித் தானும் மீறலாம் என்று காரணம் கேட்காமல் புரிந்துகொண்டவள் அவள். உள்ளே போனேன். மகள் வெளிறிப் போய்ப் படுத்திருந்தாள். என்னைக் கண்டதும் கண் நிறைந்துவிட்டது.

"மன்னிச்சிருங்கப்பா. நீங்க வர்றதுக்குள்ள வீட்டை விட்டுக் கெளம்பிட்டேன்."

வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்துப் போட்டுவிட்டுப் படுத்திருப்பவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நீ புறப்பட்டதுதான் சரி, நாங்கள்தான் தவறு என்று சொல்ல வேண்டும். சொல் நெஞ்சுவரை வந்தது. மேடைகளில் மணிக்கணக்கில் பேசிய வாயிலிருந்து வெளியே வந்தது இவ்வளவுதான்.

"வழியில டிராஃபிக் இருந்துச்சா?"

அவள் சிரித்தாள். சிரித்ததில் தையல் வலித்து, "சிரிக்க வைக்காதீங்கப்பா" என்றாள். குழந்தை துணிச்சுருளுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. சின்னஞ்சிறு காதுகள். இந்தக் காதுகளைக் குத்தும்போது மாமன் மடி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சற்று நேரத்தில் மகன் மீண்டும் அழைத்தான். எதிர்வீட்டில் உட்கார வைத்துச் சோறு போட்டிருக்கிறார்களாம். ஸ்பீக்கரில் போட்டு, குழந்தையின் சிணுங்கலைக் கேட்க வைத்தோம். அவனுடைய குரல் உடைந்தது.

"அப்பா, நான் உடனே அங்க வரேன். சாவியையும் வாங்கிக்கிறேன், பாப்பாவையும் பாத்துக்கிறேன்."

"வேண்டாம்டா, நீ அலைஞ்சிருக்க. நான் சாவியோட காலையில வந்துடறேன்."

"நீங்க எதுக்குப்பா? இப்பதானே போய்ச் சேந்தீங்க? நான் வரேன்."

"நான் வரேன்னு சொல்றேன்ல!"

"ஐயோ" என்றார் மாப்பிள்ளை, நெற்றியில் கைவைத்து.

மறுமுனையில் கைபேசி கைமாறும் ஓசை. பிறகு திருநெல்வேலிக் குரல்.

"சார்வாள், வாழ்த்துகள். பேத்தி பெறந்திருக்கா. எல்லாக் கதையும் ஒங்க மவன் சொல்லிட்டாரு." ஒரு சிறு இடைவெளி விட்டார். அந்த இடைவெளியில் என் சிற்றுரை முழுவதையும் அவர் ஒருமுறை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "நீங்க பேத்திகிட்டயே இருங்க. அசையப்பிடாது. ஒங்க மவன் எங்க வீட்டுல படுத்து எந்திரிச்சு அங்க வரட்டும். அவரு வந்து சேந்த பெறகு மத்ததப் பேசிக்கிடலாம். ஒரு நேரத்துல ஒரு ஆளு. என்ன?"

"சரி" என்றேன்.

"டிக்கெட்டு போட இப்பவே எறங்கிப் போறேங்காரு. நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன். ராகுகாலம் முடியட்டும்."

எந்த நாட்டு நேரப்படி என்று நான் கேட்கவில்லை.